வீடு தேடி வந்த திண்ணை

மயிலாடுதுறையில் பொறையார் வண்டியில் ஏறியபோது பக்கத்து இருக்கையில் பட்டு வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் பை. முன் இருக்கைகளில் அவர் மனைவி, மருமகள், மூன்று பேரப்பிள்ளைகள், இரண்டு பூக்கூடைகள்.

“திருக்கடையூருங்களா?” என்றேன்.

“ஆமா தம்பி. எழுபது நெறையுது. பீமரத சாந்தி. அறுபதுக்கே பண்ணியிருக்கணும், அப்ப பொண்ணு கல்யாணம் குறுக்க வந்துடுச்சு. நீங்க எங்க?”

“தரங்கம்பாடிங்க.”

“கோட்டை பாக்கவா?”

“ஒரு பள்ளிக்கூடம் பாக்க. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி இருந்தது.”

பெரியவர் சிரித்துவிட்டார். “அப்ப அது இருக்காதே தம்பி!”

இருக்காதுதான். அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் என்று ஒன்று இருந்திருந்தாலும் இத்தனை நாளில் விழுந்திருக்கும். 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடம் தன் வாத்தியாரோடும் பிள்ளைகளோடும் இடம்பெயர்ந்து ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக்குள் போனது. வாத்தியாருக்கு எழுபது வயது. பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் அகரம் எழுதிய புது மாணவனுக்கு இருபத்துநான்கு. பெயர் பார்த்தலோமேயு சீகன்பால்க். ஜெர்மனியின் சாக்சனி நாட்டுப் புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய லுத்தரன் மிஷனெரி.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் மதம் இல்லை. மதுரையில் சில ஆண்டுகள் வெளிநாட்டவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன் நான். முதல் வாரத்தில் ஒரு மாணவருக்கு என்னவெல்லாம் நடக்கும் என்று எனக்குத் தெரியும். அகரவரிசை வந்துவிடும், பேச்சு வராது. தெருவில் பிள்ளைகள் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் தலைவலி வரும், ஐந்தாம் நாள் அழுகை வரும். ஆனால் என் மாணவர்களுக்கு அகராதி இருந்தது, இலக்கணப் புத்தகம் இருந்தது, ஆங்கிலம் தெரிந்த நான் இருந்தேன். இந்த மூன்றும் இல்லாமல் ஒருவன் எப்படித் தொடங்கினான்? அதைப் பார்க்கத்தான் செம்பனார்கோவில், ஆக்கூர் வழியாக இந்த வண்டி.

திருக்கடையூரில் பெரியவர் குடும்பத்தோடு இறங்கிக்கொண்டார். வண்டி காலியானது. கிழக்கே போகப் போகக் காற்றில் உப்பு ஏறியது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒருகாலத்தில் ரயிலும் ஓடியது. 1986-இல் அது நின்றுபோனது. இப்போது பேருந்தை விட்டால் ஆட்டோதான்.

ஊருக்குள் நுழைய ஒரு வாசல் இருக்கிறது. 1792-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய வெள்ளை நிற நகர வாசல். ஆட்டோவும் பால்காரர் வண்டியும் பள்ளிக்கூட வேனும் அதன் வழியேதான் உள்ளே போகின்றன. வாசலைத் தாண்டினால் ராஜ வீதி. தெரு நேராகக் கடலைப் பார்த்துப் போகிறது. இரு பக்கமும் உயரமான தூண்கள் வைத்த வீடுகள், சில புதுப்பிக்கப்பட்டவை, சில சுவரில் அரசமரம் முளைத்தவை. காலை பத்து மணிக்குக்கூடத் தெருவில் கூட்டம் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பள்ளி மாணவிகள் சிலர் குடை பிடித்துப் போனார்கள். சங்கொலி மாதிரி ஒரு இரைச்சல் மட்டும் தெருக்கோடியிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

இந்த ஊரின் பழைய பெயர் சடங்கன்பாடி. கடலோரத்தில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயில் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் காலத்தில் எழுந்தது. அதன் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. 1620-இல் ஓவே யெடே என்ற டேனிஷ் கடற்படைத் தலைவர் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு இங்கே டான்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினார். மிளகு வாங்க வந்தவர்கள் 225 ஆண்டு இருந்தார்கள். 1845-இல் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். கோட்டையின் கதை இவ்வளவுதான். கோட்டை அருங்காட்சியகத்தில் பீங்கான் துண்டுகளும் பீரங்கிக் குண்டுகளும் பார்க்கலாம். நான் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன்.

கடற்கரையில் சீகன்பால்க் வந்து இறங்கியதன் நினைவாக ஒரு சின்னம் நிற்கிறது. அதன் நிழலில் உட்கார்ந்து நான் கொண்டுபோயிருந்த குறிப்புகளைப் புரட்டினேன்.

1705 நவம்பர் கடைசியில் கோபன்ஹேகனிலிருந்து ‘சோபியா ஹெட்விக்’ என்ற கப்பல் புறப்பட்டது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு ஏழு மாதத்துக்கு மேல் பயணம். சீகன்பால்க்கோடு இன்னொருவர், அவரைவிடச் சில வயது மூத்த ஹைன்ரிக் புளூட்சோ. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கால் வைத்தார்கள். அரசரின் கடிதம் கையில் இருந்தது. ஆனால் கோட்டைத் தளபதி யோஹான் சிகிஸ்மண்ட் ஹாசியஸ் அவர்களை வரவேற்கவில்லை. டேனிஷ் கம்பெனிக்கு வியாபாரம் முக்கியம். ஊர்க்காரர்களின் சாமி விஷயத்தில் தலையிட்டுக் கலகம் உண்டாக்கும் இரண்டு இளைஞர்கள் அவருக்குத் தலைவலி. பகல் முழுவதும் காக்க வைத்தார். மாலையில் வந்து நாலு கேள்வி கேட்டார். பிறகு அவர்களைக் கடைத்தெருவில் அப்படியே நிறுத்திவிட்டுத் தன் ஆட்களோடு கோட்டைக்குள் போய்விட்டார். யாரோ ஒருவர் இரக்கப்பட்டுத் தங்க இடம் காட்டினார்.

ஒரு மொழியைக் கற்க வந்தவனுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. கோட்டைக்குள் இடம் கிடைத்திருந்தால் டேனிஷும் ஜெர்மனும் பேசிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பார்கள். மதுரையில் என்னிடம் வந்தவர்களில் நட்சத்திர விடுதியில் தங்கியவர்கள் ஆறு மாதமானாலும் “எவ்வளவு?” என்பதைத் தாண்டவில்லை. ஒண்டுக்குடித்தனத்தில் அறை எடுத்த ஒரு பெண், மூன்றாம் மாதம் குழாயடியில் சண்டை போட்டு ஜெயித்துவிட்டு வந்தாள்.

அக்காலத்துச் சோழமண்டலக் கரையில் துறைமுகத்துப் பொதுமொழி போர்ச்சுகீசியம். கம்பெனிக்காரர்களும் துபாஷிகளும் வீட்டு வேலைக்காரர்களும் ஒருவகைக் கலப்புப் போர்ச்சுகீசியத்தில் பேசிக்கொண்டார்கள். இருவரும் முதலில் அதைத்தான் பிடித்தார்கள். பிறகு வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். புளூட்சோவுக்குப் போர்ச்சுகீசியம், சீகன்பால்க்குக்குத் தமிழ். அதைத் ‘தமிழ்’ என்று ஐரோப்பியர் சொல்லவில்லை. மலபார் மொழி என்றார்கள். அச்சிட்ட இலக்கணம் எதுவும் அந்த ஊரில் கைக்குக் கிடைக்கவில்லை. ஆகவே ஊர்ப் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்களோ அப்படியே படிப்பது என்று முடிவானது. ஊரில் பள்ளிக்கூடம் நடத்திய எழுபது வயது வாத்தியாரிடம் பேசினார்கள். அவர் தம் பள்ளியை இவர்கள் வீட்டுக்கே கொண்டுவரச் சம்மதித்தார்.

திண்ணைப் பள்ளிக்கூடம் பற்றி என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். விடிவதற்கு முன் போக வேண்டும். முதலில் வந்தவன் ‘வேத்தான்’. அவனுக்கு அடி இல்லை. பிறகு வருகிறவர்களுக்கு வந்த வரிசைப்படி கணக்கு ஏறும். புதுப் பிள்ளைக்கு முன்னால் மணலைப் பரப்பி, வாத்தியாரோ சட்டாம்பிள்ளையோ ஆள்காட்டி விரலைப் பிடித்து எழுத வைப்பார். எழுதும்போதே எழுத்தின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். வாய் சொல்ல, காது கேட்க, விரல் இழுக்க, மூன்றும் ஒரே நேரத்தில். கை படிந்த பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். சென்னையில் ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த மணல் எழுத்தையும், பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் தம் பள்ளியில் புகுத்தி, 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. அதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு ஜெர்மன்காரர் தரங்கம்பாடியில் அந்த முறையில் ஆசிரியராக அல்ல, மாணவராக உட்கார்ந்திருக்கிறார்.

சின்னத்துக்குக் கீழே, அலை வந்து போன ஈர மணலில் நான் ஒரு ‘ஆ’ எழுதிப் பார்த்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் கவனித்துவிட்டார்.

“என்ன சார், வெளையாட்டா?”

“மணல்ல எழுதிப் பாத்தேண்ணே.”

“ஈர மண்ணுல எழுதுனா நிக்கும் சார். காஞ்ச மண்ணுல எழுதிப் பாருங்க, நீங்க கையெடுக்குறதுக்குள்ள ஓரம் சரிஞ்சிடும். எங்க அப்பா தவிட்டையும் மண்ணையும் கலந்து பரப்பித்தான் எழுதுனேம்பாரு.”

எழுதிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. காய்ந்த மணலில் மெதுவாக எழுதினால் கோடு சரிந்து மூடிக்கொள்கிறது. வேகமாக இழுத்தால்தான் உருவம் நிற்கிறது. யோசித்து யோசித்து எழுத மணல் விடாது. கற்பவன் தயங்கவே முடியாத ஒரு பலகை அது. அழித்தால் தடம் இல்லை. தப்பு செய்ததற்கு வெட்கப்படவும் வேண்டாம். என் மாணவர்களுக்கு நான் கோடு போட்ட நோட்டு வாங்கிக் கொடுத்து, சிவப்பு மையில் திருத்தி, பயமுறுத்தி வைத்திருந்தேன்.

ஆனால் இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு சிக்கல் இருந்தது. வாத்தியாருக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. மாணவருக்குத் தமிழ் தவிர மற்றதெல்லாம் தெரியும். எழுத்து சீக்கிரம் வந்துவிட்டது, கூட்டி வாசிக்கவும் வந்துவிட்டது. வாசித்ததற்கு என்ன பொருள் என்று சொல்ல ஆள் இல்லை. பிள்ளைகள் சிரித்திருப்பார்கள். பாடத்தை மணிமணியாக ஒப்பிக்கிறான், தண்ணீர் கேட்கத் தெரியவில்லை!

அந்த இடத்தில்தான் அழகப்பன் வருகிறார். ஐரோப்பியர் எழுத்தில் அவர் பெயர் ‘அலெப்பா’. டேனிஷ் கம்பெனியின் முன்னாள் தலைமை மொழிபெயர்ப்பாளர். போர்ச்சுகீசியம், டேனிஷ், டச்சு, ஜெர்மன் எல்லாம் பேசுவார். சீகன்பால்க் அவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். வாத்தியாரிடம் எழுத்து, அழகப்பனிடம் பொருள். எட்டு மாதத்தில் பேச வந்துவிட்டது.

நல்ல துபாஷி சொல்லுக்குச் சொல் தருவதோடு நிற்கமாட்டார். என்னிடம் படித்த ஒரு பிரெஞ்சு இளைஞர் வீட்டுக்காரரிடம் மின்விசிறி மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார். அவர் “பார்க்கலாம் தம்பி” என்றார். இவர் இரண்டு வாரம் காத்திருந்தார். ‘பார்க்கலாம்’ என்றால் ‘மாற்ற மாட்டேன்’ என்று நான் சொல்லவேண்டியிருந்தது. “போறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவரை வீட்டம்மா வாசலில் நிறுத்தி, “போய்ட்டு வரேன்னு சொல்லு” என்று திருத்தியதையும் அவர் வந்து சொன்னார். அகராதியில் ‘போ’வுக்கும் ‘வா’வுக்கும் எதிரெதிர்ப் பொருள். வாசற்படியில் இரண்டும் சேர்ந்தால்தான் விடைபெறுதல். அழகப்பன் சீகன்பால்க்குக்குச் சொல்லிக்கொடுத்ததில் பெரும்பங்கு இப்படிப்பட்டதாகத்தான் இருந்திருக்கும்.

அழகப்பன் இதற்குக் கொடுத்த விலையும் பெரிது. மிஷனெரிகளோடு சேர்ந்ததால் கம்பெனி அதிகாரிகளின் கோபத்துக்கு ஆளாகி ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. பின்னாளில் சீகன்பால்க் தமிழர்களிடம் அவர்கள் சமயம், பழக்கவழக்கம், வாழ்க்கை பற்றிக் கேள்விகள் அனுப்பிப் பதில் கடிதங்கள் வாங்கி ஜெர்மனிக்கு மொழிபெயர்த்து அனுப்பினார். அவற்றில் பலவற்றை எழுதியவர் அழகப்பனே என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

மதிய வெயில் ஏறிவிட்டது. ராஜ வீதிக்குத் திரும்பி ஒரு கடையில் மோர் குடித்துவிட்டு, சீகன்பால்க் வாழ்ந்த வீட்டின் அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஓலைச்சுவடிகளின் படங்களும் அச்சு எந்திரத்தின் மாதிரியும் இருந்தன. அங்கே நின்று அவர் 1708-இல் எழுதிய கடிதம் ஒன்றை நினைத்துக்கொண்டேன். தம் நாள் எப்படிக் கழிகிறது என்று அதில் ஊருக்கு எழுதியிருக்கிறார். காலை ஏழிலிருந்து எட்டு வரை, ஏற்கெனவே எழுதிவைத்த சொற்களையும் தொடர்களையும் மறுபடி சொல்லிப் பார்ப்பது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, அதுவரை படிக்காத தமிழ் நூல்களை மட்டும் வாசிப்பது. பக்கத்தில் வயதான புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும். கடினமான செய்யுள் வந்தால் புலவர் அதைப் பேச்சு வழக்கில் உடைத்துச் சொல்வார். புதுச் சொல் வந்தால் எழுத்தர் உடனே ஓலையில் குறித்துவிடுவார். சாப்பிடும்போது ஒருவர் வாசித்துக் காட்டவேண்டும். மூன்றிலிருந்து ஐந்து வரை மறுபடி வாசிப்பு.

என் வகுப்பு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். அதிலேயே பத்து நிமிடம் காபி இடைவேளை.

அந்த ஓலையை வாசிப்பதும் லேசான காரியமாக இருந்திருக்காது. சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்பார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் எழுத்தில் வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒரே உருவம். சொற்களுக்கு இடையே இடமும் இல்லை. ‘எரி’ என்று எழுதியிருந்தால் அது எரியா, ஏரியா என்று இடம் பார்த்துத்தான் சொல்லவேண்டும். மொழி தெரிந்தவன்தான் அந்த எழுத்தை வாசிக்க முடியும். இவரோ எழுத்தை வைத்து மொழியைப் பிடிக்கப் பார்த்தவர். அதனால்தான் புலவர் பக்கத்தில் வேண்டியிருந்தது.

1708-க்குள் அவர் சேர்த்த சொற்கள் இருபதாயிரம். அதே ஆண்டு தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு விளக்கப் பட்டியல் எழுதினார். ‘பிப்ளியோதேகா மலபாரிகா’ என்பது அதன் பெயர். 119 தமிழ் நூல்கள் அதில் உண்டு, திருக்குறள் உட்பட. எழுத்தர்களை உள்நாட்டுக்கு அனுப்பி, வீட்டில் படித்தவர்கள் இறந்துபோன பின் விதவைகளிடம் கிடந்த சுவடிகளைக் குறைந்த விலைக்கு வாங்கினார். ஆசான் இறந்த வீட்டில் சுவடியை யார் வாசிப்பது? கொஞ்சம் மனவருத்தத்தோடுதான் இதைப் படித்தேன்.

அவர் முதலில் ஜெர்மனில் மொழிபெயர்த்தவை எவை தெரியுமா? கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா. இதை முதன்முதலில் படித்தபோது, எத்தனையோ காப்பியங்கள் இருக்க இந்தச் சிறு நூல்களை ஏன் எடுத்தார் என்று யோசித்தேன். தரங்கம்பாடியில் விடை கிடைத்தது. அவை திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தலைகீழாக ஒப்பிக்கும் பாடங்கள். தம் வீட்டுத் தரையில் காலை முதல் மாலை வரை அவர் காதில் விழுந்திருக்கக்கூடியவை. பொருள் தெரியாமல் முதலில் ஓசையாக மட்டும் கேட்டதை, பொருள் தெரிந்ததும் தம் மொழியில் எழுதிப் பார்த்திருக்கிறார்.

இதை வைத்து அவரை நமக்கு வேண்டியவராக்கிக்கொள்ள நான் தயாரில்லை. வந்த முதல் மாதங்களிலேயே அவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. வழியில் ஒரு கோயிலில் இருந்த சிறு உருவங்கள் சிலவற்றைத் தள்ளித் தலையை உடைத்ததாகவும், சாமிக்குச் சக்தி இல்லை என்று காட்டவே அப்படிச் செய்ததாகவும் அதில் சொல்கிறார். பார்த்துக்கொண்டிருந்த வாத்தியார் ஒருவர் கோபப்படவில்லை. அவை சாமியே இல்லை, சாமியின் படைவீரர்கள்தான் என்று விளக்கியிருக்கிறார். நம் கிராம எல்லைகளில் நிற்கும் சுடுமண் வீரர்களை நினைத்துக்கொண்டேன். உடைத்தவருக்கு எதை உடைத்தோம் என்றே தெரியவில்லை. மொழி தெரியாத கையின் வேலை அது.

மொழி தெரிந்த பிறகு அவர் மதம் மாற்றும் நோக்கத்தை விட்டுவிடவில்லை. கடைசிவரை தம் மதமே மெய் என்று நம்பினார். ஆனால் கை நின்றுவிட்டது. கேள்வி கேட்க ஆரம்பித்தார். 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியைப் பற்றி, ஊர்த்தேவதைகளையும் விடாமல், விரிவான நூல் ஒன்றை எழுதி ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். அங்கே அவருடைய குரு பிராங்கே அதை அச்சிட மறுத்தார். புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு இல்லை என்பது அவர் நிலை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கைப்பிரதியாகக் கிடந்து 1867-இல் சென்னையில்தான் அது அச்சேறியது.

மாலை நான்கு மணிக்குப் புதிய எருசலேம் ஆலயம். 1707-இல் அவர் கட்டிய முதல் ஆலயத்தைக் கடல் கொண்டுபோயிற்று. இது 1718-இல் எழுந்தது. சிலுவை வடிவக் கட்டடம், முகப்பில் டேனிஷ் அரசரின் மகுடம் பொறித்த முத்திரை. உள்ளே பீடத்துக்கு முன்னால் அவரைப் புதைத்திருக்கிறார்கள். ஆலயம் கட்டி முடித்த மறு ஆண்டே, 1719 பிப்ரவரி 23 அன்று இறந்தார். முப்பத்தாறு வயது.

இடையில் நடந்தவை பாடப்புத்தகத்தில் இருப்பவைதான். 1708 கடைசியில் ஹாசியஸ் அவரைக் கோட்டையில் நான்கு மாதம் சிறை வைத்தார். புதிய ஏற்பாட்டின் தமிழாக்கம் 1711-இல் முடிந்தது. இங்கிலாந்திலிருந்து அச்சு எந்திரமும் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகளும் வந்தன. அந்த எழுத்துகள் பெரியவை, காகிதத்தை விழுங்கின. ஆகவே பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கிச் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715-இல் புத்தகம் முழுமையாக வெளிவந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. காகிதத்துக்குப் பட்டறையும் போட்டார்கள். பொறையார்ப் பக்கம் ‘கடுதாசிப்பட்டறை’ என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

அந்தத் தமிழாக்கத்தை நம் புலவர்கள் கொண்டாடவில்லை. வீரமாமுனிவர் ‘வேதவிளக்கம்’ எழுதித் தரங்கம்பாடியாரின் தமிழைக் கடுமையாகக் கேலி செய்தார். எனக்கு அந்தக் கேலியில் பாதிதான் சம்மதம். வீரமாமுனிவர் புலவர்களிடம் படித்துக் காப்பியம் செய்தவர். சீகன்பால்க் திண்ணையில் தொடங்கி, கடைத்தெருவில் பேசிப் பழகியவர். அவர் தமிழில் அந்தக் கடைத்தெரு இருந்தது. எங்கே கற்றோமோ அந்த இடத்தின் வாசனை நம் மொழியில் கடைசிவரை இருக்கும். என் மாணவர்கள் இன்றும் மதுரைத் தமிழில்தான் என்னோடு தொலைபேசியில் பேசுகிறார்கள்.

1714-இல் ஐரோப்பாவுக்குப் போனபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் அழைத்துப் போனார். 1716-இல் ஹாலேயில் ‘கிராமாத்திகா தமுலிகா’ என்ற தமிழ் இலக்கணம் லத்தீனில் அச்சானது. பின்னால் வரும் மிஷனெரிகளுக்கு முதல் நாள் சிரமம் குறையட்டும் என்பதற்கான புத்தகம். அதன் தலைப்பிலேயே ‘மலபார்’ என்பதற்குப் பதிலாக நம் மொழியின் பெயர் ஏறிவிட்டது. எழுத்தாணிக்கும் மணலுக்கும் பதில் அச்சிட்ட பக்கம். தரையில் பிள்ளைகளோடு உட்காரும் தேவை அன்றோடு தீர்ந்தது. லாபம்தான். நட்டமும்கூட.

ஆலயத்தை விட்டு வெளியே வந்து கடைசி வண்டிக்கு நேரம் இருந்ததால் மறுபடி கடற்கரைக்குப் போனேன். வலைக்காரர் போய்விட்டார். 2004 சுனாமியில் அவர் குப்பமும் பிழைக்கவில்லை என்று மதியம் மோர்க் கடையில் சொன்னார்கள். நான் எழுதிய ‘ஆ’வை அலை எப்போதோ எடுத்துக்கொண்டிருந்தது.

இந்த ஊரில் சீகன்பால்க்குக்குச் சிலை இருக்கிறது, நினைவுச் சின்னம் இருக்கிறது, கல்லறை இருக்கிறது, வீடு அருங்காட்சியகமாகவே இருக்கிறது. அவரைத் தெருவில் நிறுத்திய தளபதியின் கோட்டைக்குத் தொல்லியல் துறை வேலி போட்டிருக்கிறது. நாள் முழுக்கச் சுற்றியும் அந்த எழுபது வயது வாத்தியாருக்கு ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. ஊரும் உறவும் என்ன சொல்லுமோ என்று பார்க்காமல், தம் பிள்ளைகளையும் மணலையும் எடுத்துக்கொண்டு அந்நியன் வீட்டுக்குப் போனவர் அவர். ஒரு பொதுச் சொல்கூட இல்லாத மாணவனின் விரலைப் பிடித்து எழுத வைத்தவர். அந்த வயதில் ஒருவர் குடும்பத்தோடு திருக்கடையூருக்குப் போய் ஹோமம் வளர்த்துச் சாந்தி செய்துகொள்வார். அவர் புதிதாக ஒரு மாணவனைச் சேர்த்துக்கொண்டார்.

தொல்லியல் துறைக்கும் திருச்சபைக்கும் தரங்கம்பாடிப் பேரூராட்சிக்கும் ஒரு விண்ணப்பம். கடற்கரைச் சின்னத்துக்குப் பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது. ‘இந்த ஊரில் 1706-ஆம் ஆண்டு ஒரு வெளிநாட்டு இளைஞருக்கு ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியார் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தார்’ என்று ஒரு கல் நடுங்கள். முடிந்தால் அதன் அடியில் ஒரு தொட்டி கட்டி அதில் மணல் போட்டு வையுங்கள். பள்ளிச் சுற்றுலா வரும் பிள்ளைகள் எழுதிப் பார்க்கட்டும்.